போச்சு கோச் சிரித்த நாள்

உலகத்திலேயே ஜெயித்துக்கொண்டே அழுத ஒரே மனுஷன் எங்கள் போச்சு கோச்தான். தொடர்ந்து மூன்று வருஷம் கோப்பை வாங்கினார். மூன்று தடவையும் இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரிதான் மேடையேறினார்.

அயனம்பாக்கத்தில் அமெரிக்கன் ஃபுட்பாலா என்று கேட்காதீர்கள். ஹெல்மெட் மாட்டி, தோளில் தலையணை கனத்துக்குக் கவசம் கட்டி, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதற்கு ஏன் ஃபுட்பால் என்று பெயர் என்றும் கேட்காதீர்கள். ஃப்ளாட் கட்டி விற்கும் முதலாளி ஒருவர் சம்பளம் கொடுத்து அணி வைத்திருந்தார். எதிராளியை மறித்து நிற்க கனமான ஆள் வேண்டும் என்று ஐ.டி. வேலையில் தொப்பை வளர்த்திருந்த என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். கோச் அம்பத்தூரில் லேத் ஓட்டியவர். செல்போனில் பார்த்தே ஆட்டத்தைக் கரைத்துக் குடித்திருந்தார்.

ஆட்டம் தொடங்குமுன் ஒப்பாரி தொடங்கிவிடும்.

"போச்சு. எல்லாம் போச்சு. மணி, உன் முட்டி இன்னிக்குப் புட்டுக்கும். சேகரு, பந்து வர்றப்ப நீ வானத்தப் பாத்துகினு நிப்ப. தொப்ப, உன்னத் தாண்டி ஒரு லாரியே போவும்."

தொப்பை நான்தான்.

"வாய்ல ஒரு நல்ல வார்த்த வராதா கோச்?"

"வந்தா மட்டும் கிழிச்சிடுவியா? குனிஞ்சு நில்றா."

மணி பயந்துபோய் முட்டியை இறுக்கிக் கட்டுவான். சேகர் பந்தைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டான். நான் குனிந்து நிற்பேன். ஜெயித்துவிடுவோம். கோச்சோ குமணன்சாவடியில் பிடித்து வந்த வேன் டிரைவரிடம், "வண்டிய ஆஃப் பண்ணாத நைனா, பாதிலயே கெளம்பிடுவோம்" என்று சொல்லிவைத்திருப்பார். டீசல் வீணானதுதான் மிச்சம்.

நாலாவது வருஷம் முதலாளி ஏதோ தன்னம்பிக்கை முகாமுக்குப் போய்த் தொலைத்தார்.

"கோச், இனிமே டீம்ல நெகட்டிவா ஒரு வார்த்தை வரக்கூடாது. ஃபைனலுக்குக் கேமரா வைக்கிறேன். சிரிச்சிகிட்டே 'ஜெயிச்சிடுவோம்'னு சொல்லணும். முடியாதுன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்."

இந்த வேலையை விட்டால் கோச்சுக்கு வேறு உலகம் இல்லை. அது எங்களுக்கும் தெரியும்.

ஃபைனல் அன்று கேமராவுக்கு முன்னால் எழுந்து நின்றார். எச்சிலை விழுங்கினார். சிரித்தார். அவருடைய பல்லை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தோம்.

"பசங்களா, ஜெயிச்சிடுவோம். நீங்கல்லாம் சிங்கம்டா."

எங்களுக்குக் குலை நடுங்கிவிட்டது. மணி என் காதில் கிசுகிசுத்தான்.

"மச்சான், கோச்சுக்கு இன்னாவோ ஆயிடுச்சுடா. டாக்டர் எதுனா சொல்லிட்டாரா?"

சேகர் அழவே ஆரம்பித்துவிட்டான். எதற்குப் பயப்பட வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மணி முட்டியைக் கட்ட மறந்தான். சேகர் பந்தைப் பார்க்காமல் கோச்சையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஸ்கூல் பிரேயரில் நிற்பதுபோல் விறைப்பாக நின்றேன். படுதோல்வி. முதலாளி மைதானத்திலேயே, "நாளைலேருந்து வர வேணாம்" என்று சொல்லிவிட்டார்.

வேன் எங்களை இறக்கிவிட வேண்டிய திருவேற்காட்டை நோக்கிக் கிளம்பியது. நல்ல மனுஷன் பிழைப்பைக் கெடுத்துவிட்டோமே என்று குறுகி உட்கார்ந்திருந்தேன். கோச் டேப் சுருளோடு பின்சீட்டுக்கு வந்தார்.

"கைய நீட்டுங்கடா. யாருக்கு எங்க அடி?"

ஒவ்வொருவனின் விரலாகப் பிடித்து, நீவி, டேப் சுற்றினார். வேலை போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் முறை வந்தது. எனக்கு ஒரு விரலிலும் அடியில்லை. இருந்தாலும் பத்தையும் நீட்டினேன். அவரும் ஒன்றும் கேட்காமல் ஒவ்வொன்றாகச் சுற்றத் தொடங்கினார். திருவேற்காடு கொஞ்சம் தள்ளி இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.