ஊசிக்கு மசியாத நோயாளி

நோயாளியாக நடிக்க வேண்டியவருக்கு உண்மையிலேயே காய்ச்சல் வந்துவிட்டது.

பயிற்சி தொடங்க அரை மணி நேரம்கூட இல்லை. மூட்டு டாக்டர் போனை வைத்துவிட்டு, விறைத்த விரல்களால் கோட்டுப் பொத்தானோடு மல்லுக்கட்டினார். காலையில் அந்த விரல்கள் அவர் பேச்சைக் கேட்பதில்லை. நோயாளிகளுக்கு எழுதித்தரும் அதே மாத்திரையைத்தான் அவரும் விழுங்கிக்கொண்டிருந்தார்.

போன மழைக்காலத்தில் அவரிடம் வைத்தியம் பார்த்த டீச்சர் ஒருவர் நிமோனியாவில் இழுத்துக்கொண்டு கிடந்தார். தடுப்பூசி போட்டுக்கொள்ள அவரிடம் யாருமே சொன்னதில்லை. குடும்ப டாக்டர் சொல்லியிருப்பார் என்று இவரும், இவர் சொல்லியிருப்பார் என்று அவரும் இருந்துவிட்டார்கள். டீச்சர் பிழைத்துக்கொண்டார். டாக்டருக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க இன்னும் கூசியது.

அதனால்தான் இந்தப் பயிற்சி. மூட்டு, தோல், குடல் என்று நாள்பட்ட அழற்சி நோயோடு வாழும் பெரியவர்களைத் தடுப்பூசிக்குச் சம்மதிக்க வைப்பது எப்படி என்று சக டாக்டர்களுக்கே சொல்லித்தருவது. பெரிய டாக்டரம்மா பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் ஆஸ்பத்திரி முழுவதும் இது நடைமுறைக்கு வந்துவிடும்.

நோயாளியாக நடிக்கக் கைக்கு எட்டிய ஆள், மூட்டு டாக்டரை வண்டியில் கொண்டுவந்து விட்ட மச்சினன்தான். அக்கா வீட்டில் தங்கிக்கொண்டு செருப்புக் கடையில் வேலை பார்ப்பவன்.

“மாப்ளே, உனக்கு மூட்டுவலி. ஊசி போட்டுக்கோங்கன்னு சொல்வாங்க. நீ முடியாதுன்னு சொல்லணும். அவ்வளவுதான்.”

“ஏன்னு கேட்டா?”

“வாய்க்கு வந்ததைச் சொல்லு.”

“காரணம்தானே, நிறைய கைவசம் இருக்கு அத்தான்.”

முதலில் தோல் டாக்டர் வந்தார். “உங்களுக்குத் தொத்துநோய் வர வாய்ப்பு மத்தவங்களைவிட அதிகம். ஒரு ஊசி போட்டுடலாமே?”

“இப்பதான் வலி கொஞ்சம் அடங்கியிருக்கு. அதைச் சீண்டிவிடச் சொல்றீங்களா?”

தோல் டாக்டர் வந்த வேகத்தில் உட்கார்ந்தார். அடுத்து குடல் டாக்டர்.

“இதுல உயிருள்ள கிருமியே கிடையாது. உங்களை ஒண்ணும் பண்ணாது.”

“நான் சாப்பிடற மாத்திரை எதிர்ப்புச் சக்தியை அமுக்கி வெச்சிருக்கு. அப்புறம் ஊசி போட்டு உடம்பு எங்க வேலை செய்யப்போகுது?”

அரங்கில் சலசலப்பு. செருப்புக் கடையில் இதையெல்லாம் எங்கே பிடித்தான் என்று மூட்டு டாக்டர் வியந்தார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அரங்கிலிருந்த குடும்ப டாக்டர் ஒருவர் எழுந்து, “இவர் சொல்றதும் ஒரு வகையில நியாயம்தான்” என்று சொல்லும்வரை.

போதும், ஒத்துக்கொள் என்று மச்சினனுக்குக் கண்ணைக் காட்டினார். இன்னும் போடு என்று அவன் புரிந்துகொண்டான்.

“அதோட இந்த மாசம் வேலை தலைக்கு மேல கிடக்கு. அடுத்த மாசம் பாக்கலாம்.”

இரண்டு டாக்டர்கள் தலையாட்டினார்கள். பெரிய டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். “டாக்டர், ஊசி வேண்டாம்னு சொல்லிக்கொடுக்கத்தான் இந்தப் பயிற்சியா?”

வேறு வழியில்லாமல் மூட்டு டாக்டரே களத்தில் இறங்கினார்.

“ஊசியால வலி கூடும்னு பயப்படாதீங்க. மாத்திரையோட போட்டா பலன் கொஞ்சம் குறையலாம். ஆனா கிழிஞ்ச குடையானாலும் தலையாவது நனையாம இருக்கும்ல?”

“மழை வரட்டும், அப்போ பாக்கலாம்.”

அரங்கமே சிரித்தது. டாக்டருக்குச் சுருக்கென்றது.

“மழை வந்துச்சு. போன வருஷம் ஒரு டீச்சருக்கு வந்துச்சு. மூச்சுக்குத் தவிச்சாங்க. குடையைக் கொடுக்க வேண்டிய நான் கையைக் கட்டிக்கிட்டு இருந்துட்டேன்.” அவர் மச்சினன் அருகே போய் நின்றார். “இன்னொருத்தரை அப்படிப் பார்க்க என்னால முடியாது.”

சிரிப்பு அடங்கியது. மச்சினன் தலையைக் குனிந்துகொண்டான். “சரி, போட்டுக்கறேன்.”

கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது. தோல் டாக்டர் மூக்கை உறிஞ்சினார். பெரிய டாக்டரம்மா எழுந்தே நின்றுவிட்டார்.

“அடுத்த வாரத்துலேர்ந்து எல்லாப் பிரிவுலயும் இந்தப் பயிற்சி நடக்கட்டும்,” என்றவர் மச்சினன் பக்கம் திரும்பினார். “நோயாளிங்க சொல்ற சாக்கு ஒண்ணுகூட விடலையே தம்பி. இப்படி நடிக்க எங்க கத்துக்கிட்டீங்க?”

மூட்டு டாக்டர் பூரிப்போடு மச்சினன் தோளில் கையைப் போட்டார்.

“நடிப்பெல்லாம் எனக்கு வராதுங்க,” என்றான் அவன் அடக்கமாக. “ஊசி போட்டுக்கங்கன்னு எங்கக்கா கெஞ்சறப்பல்லாம் அத்தான் என்ன சொல்வாரோ, அதைத்தான் அப்படியே சொன்னேன்.”