பூட்ஸ் போடும் நேரம்

ரூசே நகரப் பஸ் நிலையத்தில் லூபென் டைம் கீப்பர். அவன் விசில் அடித்தால் சோஃபியா போகும் பஸ்ஸே பதறிக்கொண்டு கிளம்பும். ஆனால் இரண்டரை வயது மகள் கலீனாவைக் காலையில் வீட்டை விட்டுக் கிளப்ப மட்டும் அவனால் முடியவில்லை.

பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்ததிலிருந்தே பிள்ளை மாறிப்போயிருந்தாள். பூட்ஸைக் கண்டால் அலறினாள். சட்டைக் கையைக் கடித்துக் கடித்து ஓட்டையாக்கினாள். ஆசையாகத் தின்னும் தயிரைக்கூடத் தட்டிவிட்டாள். தூக்கத்தில் விம்மினாள்.

“செல்லம் குடுத்துக் கெடுத்துட்ட,” என்றான் மனைவி ஸோர்னிட்சாவிடம். “ஐம்பது சீட்டு வண்டியைக் கிளப்புறவன் நான். இந்த ஒத்தை சீட்டைக் கிளப்ப மாட்டேனா?”

“வண்டிக்குப் பயம்னு ஒண்ணு கிடையாது, லூபென்.”

“நாளைக்குப் பாரு.”

மறுநாள் காலை கூடத்தில் நின்று விசிலை ஊதினான். கலீனாவுக்கு அழக்கூட வரவில்லை. காதைப் பொத்திக்கொண்டு, நின்ற இடத்திலேயே நனைத்துக்கொண்டாள். லூபென் விசிலை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் கையில் வைத்துப் பிசைந்தான்.

ஸோர்னிட்சா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் உடை மாற்றினாள். அவள் சண்டை போடாத நாளில்தான் உஷாராக இருக்க வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அது அவனுக்குப் பிடிபடவில்லை.

மாலையில் அவள் குழந்தைகள் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள்.

“நீ சொன்னதுதான் சரி. எனக்குச் சாமர்த்தியம் பத்தாது. இனி காலையில நீயே பாத்துக்க.”

அவன் நெஞ்சு நிமிர்ந்தது.

“டாக்டரம்மா ஒரு வைத்தியம் சொன்னாங்க. எல்லாராலயும் முடியாதாம்.”

“என்னால முடியாததா? சொல்லு.”

“சீக்கிரமே எழுந்து தரையில உக்காரணும். போன் கூடாது. ‘நேரமாச்சு’ன்னு வாயைத் திறக்கக் கூடாது. அவளா வர்ற வரைக்கும் சும்மா இருக்கணும்.”

“சும்மா இருக்கிறதெல்லாம் ஒரு வேலையா?”

“செஞ்சு காட்டேன்.”

முதல் நாள் லூபெனுக்கு முதுகு வியர்த்தது. கால் தானாக ஆடியது. கலீனா சோபாவுக்குப் பின்னாலிருந்து, புதிதாக வீட்டுக்குள் வந்த மிருகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கினாள். ஒரு நாள் கரண்டி ஒன்றைக் கொண்டுவந்து அவன் தலையில் வைத்தாள். அது விழுந்துவிடக் கூடாதே என்று அவன் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பிறகு ஒரு பூட்ஸை எடுத்து வந்து அவன் கையில் மாட்டினாள்.

“ஐயோ, எனக்குப் பத்தலையே! யாரோடது இது?”

“என்னுது!” சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! லூபென் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

முன்பெல்லாம் காப்பக வாசலில் அவள் அசந்த நேரம் பார்த்து நழுவிவிடுவான். இப்போது மண்டியிட்டுச் சொன்னான்: “அப்பா வேலைக்குப் போறேன். மத்தியானம் நீ தூங்கி எழுந்ததும் வந்துடுவேன்.” ஷிப்டை மாற்றிக்கொண்டு, சொன்னபடியே வந்து நின்றான். அழுகை முதலில் குறைந்தது. பிறகு கையசைப்பாக மாறியது. சட்டைக் கைகளும் பிழைத்தன.

தடுப்பூசி போடப் போன அன்று, தன் சாதனையைச் சொல்லிக்கொள்ள லூபெனே முந்திக்கொண்டான்.

“பாருங்க டாக்டர், பிள்ளை எப்படித் தேறிட்டா! எல்லாம் என் கைவண்ணம்.”

டாக்டரம்மா கலீனாவின் கன்னத்தைத் தட்டிவிட்டு ஸோர்னிட்சாவிடம் திரும்பினார்.

“சின்னவளுக்குச் சரியாகும்னு நான்தான் சொன்னேனே. பெரியவன் எப்படி இருக்கான்? அவனைத் தரையில உக்கார வெச்சீங்களா?”

“பெரியவனா?” என்றான் லூபென். “எங்களுக்கு இவ ஒருத்திதானே, டாக்டர்!”

ஸோர்னிட்சா மகளின் தொப்பியைச் சரிசெய்தபடியே சொன்னாள்:

“இப்பல்லாம் கத்துறதே இல்ல டாக்டர், தானாவே போய் உக்காந்துக்கிறான்.”