ஒன்பது உம்

"சார், மறுபடியும் வாயடைச்சுப் போச்சு" என்றாள் சோதனைப் பிரிவுப் பெண்.

குறைமாதக் குழந்தைகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் பெட்டி அது. வெப்பம் பார்க்க ஒரு சென்சார், ஈரம் பார்க்க ஒன்று, மூச்சு பார்க்க ஒன்று. பேசுவதற்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கம்பி. தாளம் போட இன்னொரு கம்பி. பெட்டியின் மூளையான சிப் தாளம் தட்டத் தட்ட, சென்சார் ஒவ்வொரு பிட்டாகச் சொல்லும். இப்போது வெப்ப சென்சார் பேச்சுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறது. மற்றவற்றால் வாயே திறக்க முடியவில்லை. மாலையில் குழந்தைகள் வார்டு டாக்டரம்மா பார்க்க வருகிறார். பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார்.

சிப்பையும் சென்சார்களையும் பேசவைக்கும் புரோகிராமை எழுதியவருக்கு ஆபீஸில் 'ரீசெட்' என்று பெயர். எது நின்றாலும் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். காலையில் மனைவி, "என்னங்க, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தபோதுகூட, சென்சாரைப் பற்றி ஒரு மூச்சுப் புலம்பிவிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

சிப்பை ரீசெட் செய்தார். கம்பி அசையவில்லை. பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இரு என்று எழுதினார். திரையும் சேர்ந்து உறைந்தது. பதில் வராவிட்டால் தானே ரீசெட் ஆகிக்கொள் என்று எழுதினார். பெட்டி ஓயாமல் ரீசெட் ஆகிக்கொண்டே இருந்தது, ஒவ்வொரு முறையும் அபாய மணியோடு.

"சார், பக்கத்து ஆபீஸ்காரங்க தீப்பிடிச்சிருச்சுன்னு கீழே இறங்கி நிக்கிறாங்க."

"நான் சாப்பிட்டு வந்துடறேன்" என்று ரீசெட் வீட்டுக்கு ஓடினார்.

அங்கே மாமனார் குழம்புக் கரண்டியைப் பிடித்தபடி, தான் பாலம் கட்டிய கதையில் இருந்தார்.

"மாமா, அந்தக் கதை தெரியும். கரண்டியைக் குடுங்க."

மாமனார் அப்படியே நின்றுவிட்டார். கதை பாதியில் நின்றால் கரண்டியைக் கீழே வைக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. எல்லார் தட்டிலும் வெறும் சோறு.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் மனைவி. "நடுவுல வெட்டினா அப்பா விடவே மாட்டாரு. சொல்லுங்கப்பா. உம்... உம்..."

ஒவ்வொரு உம்முக்கும் கதை ஓர் அடி நகர்ந்தது. ஆற்றைக் கடந்து மறுகரை ஏறி முடிந்தது. கரண்டி தானாகப் பாத்திரத்துக்குத் திரும்பியது.

"ஒன்பது உம் கொட்டினா போதும். அதுக்கு மேல எந்தக் கதையும் தாங்காது. என்னங்க, ஒரு விஷயம்..."

வாசல் கதவு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

ஆபீஸுக்கு ஓடிய ரீசெட்டுக்கு விளங்கிவிட்டது. சென்சார் அடம் பிடிக்கவில்லை. அது பேசிக்கொண்டிருக்கும்போது, வேறு எதற்கோ சிப்பை ரீசெட் செய்து நடுவில் வெட்டியது இவர்தான். பாவம், சொல்ல வந்த பிட்டைக் கையில் பிடித்தபடி அடுத்த தாளத்துக்காகக் காத்திருக்கிறது! ரீசெட் வரிகளை எல்லாம் அழித்தார். கம்பி மாட்டிக்கொண்டால் ஒன்பது முறை தாளம் தட்டு, பிறகு 'முடிந்தது' என்று சொல் என எழுதினார். சென்சார் ஒரு மூச்சில் சொல்லும் எட்டு பிட்டுக்கு எட்டு, கேட்டுக்கொண்டேன் என்று தலையாட்ட ஒன்று.

கம்பி விடுபட்டது. சென்சார்கள் வரிசையாகப் பேசின.

டாக்டரம்மா திரையைப் பார்த்தார், பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தார். "நாளைக்கே அனுப்புங்க. அங்க ரெண்டு குழந்தை காத்துக்கிட்டிருக்கு" என்றார்.

இரவுச் சாப்பாட்டில் ரீசெட்டைப் பிடிக்க முடியவில்லை.

"உன் மூளையை என்னன்னு சொல்றது! நாங்க இத்தனை பேர் முட்டி மோதினோம். நீ உட்கார்ந்த இடத்துல பட்டுனு சொல்லிட்டே."

"உம்."

"மணி அடிச்சுது பாரு, அப்போ பக்கத்து ஆபீஸ்ல..."

"உம்."

தீப்பிடித்த கதை, தாளம் தட்டிய கதை, டாக்டரம்மா கை விட்டுப் பார்த்த கதை எல்லாம் வந்தன. அவள் கன்னத்தில் கை வைத்து, கண் சிமிட்டாமல் கேட்டாள். இப்படி ஒருத்தி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று அவருக்கு நெஞ்சு நிறைந்தது. கடைசியில் சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல், இவ்வளவு நேரமும் தன் கையிலேயே இருந்த கரண்டியைப் பாத்திரத்தில் போட்டார்.

வெறும் சோற்றைப் பார்த்தபடி விரல்களை மடக்கிக்கொண்டிருந்த மாமனார் தலை நிமிர்ந்தார்.

"ஒன்பது ஆச்சும்மா, கரண்டியையும் விட்டுட்டாரு. மாப்பிள்ளை அப்பாவாகப் போறதை இப்பவாவது சொல்லிடு."