மண்டபமா, மைதானமா?

"மண்டபம்தான் சரி" என்று கமிட்டியில் எல்லோரும் ஒரே குரலில் ஒப்புக்கொண்டபோதுதான் ஈஸ்வரமூர்த்திக்கு முதல் சந்தேகம் வந்தது.

சிட்னியில் தமிழர்கள் கூடிப் பேசும் கூட்டங்கள் எத்தனையோ அவர் பார்த்தவர். பொங்கல் விழாவுக்கு வாடகைக்கு எடுக்கும் பானை பித்தளையா, எவர்சில்வரா என்பதற்கே இரண்டு கட்சி பிரியும். பிரியாணியில் உருளைக்கிழங்கு போடலாமா என்ற விவாதத்தில் பேச்சை நிறுத்திக்கொண்ட இரண்டு பேர் இன்னமும் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனில் ஆளுக்கொரு கோடியில் நின்றுதான் ரயில் ஏறுகிறார்கள். அப்படிப்பட்ட ஜனங்கள், அவர் வாயைத் திறந்து "மண்டபம்" என்றதும் தலையை மேலும் கீழும் ஆட்டினால் என்ன அர்த்தம்?

ஈஸ்வரமூர்த்தி வேலையிலும் சந்தேகப்பட்டுச் சம்பாதிப்பவர். அடுத்தவர் எழுதிய மென்பொருளில் எங்கே ஓட்டை என்று தேடிப்பிடிப்பதுதான் அவர் உத்தியோகம். "எல்லாம் நல்லா ஓடுது சார்" என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அவர் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்க மாட்டார்.

விஷயம் இதுதான். குவேக்கர்ஸ் ஹில் முரசணி என்று ஒரு குழு. தோளில் ட்ரம் மாட்டி, ஜரிகை வைத்த யூனிஃபார்மும் குஞ்சம் வைத்த தொப்பியுமாக, அடித்துக்கொண்டே அணிவகுத்து நடப்பார்கள். ஆஸ்திரேலியாவில் இப்படி உள்ள தமிழ் முரசணிகளுக்கெல்லாம் வருடா வருடம் சாம்பியன்ஷிப் நடக்கும். இந்த வருடம் சிட்னியின் முறை. பரம எதிரி, மெல்பேர்னிலிருந்து வரும் கிரெய்கிபர்ன் முரசணி. போட்டியை மண்டபத்துக்குள் வைப்பதா, திறந்த மைதானத்தில் வைப்பதா என்று தீர்மானிக்கும் பொறுப்பு ஈஸ்வரமூர்த்தியுடையது.

அவர் அதைக் கேட்டு வாங்கவில்லை. வயிற்றில் கட்டி அடிக்கும் பெரிய ட்ரம்தான் அவருடைய உயிர். தை மாதம் அணித் தலைவர் கணேசலிங்கம் வீடு தேடி வந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மூர்த்தி அண்ணை, ட்ரம் ஆரும் அடிக்கலாம். இடம் தெரிவு செய்ய உங்களை மாதிரி நேர்மையான ஒரு ஆளுக்கு நாங்கள் எங்க போறது?"

"அப்ப என் ட்ரம்?"

"இடம் மட்டும் நல்லபடியா அமையட்டும். அடுத்த வருசம் அது திரும்ப உங்கட வயித்திலதான்."

அந்த ஒரு வாக்குக்காகத்தான் ஈஸ்வரமூர்த்தி ட்ரம்மைக் கழற்றிக் கொடுத்தார். கொடுத்த நாளிலிருந்து வயிற்றில் ஏதோ குறைகிற மாதிரியே இருந்தது. மறுபடி அதைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு இந்த வருடத்தில் வேறு ஆசை கிடையாது. அதனால்தான் இந்தத் தலையாட்டல் அவரை உறுத்தியது. ஏதோ சதி. இடத்தில் கோளாறு வந்தால் ட்ரம் போச்சு.

அடுத்த கூட்டத்தில் ஒரு சோதனை வைத்தார்.

"நல்லா யோசிச்சேன். மண்டபம் வேண்டாம். மைதானம்."

"அது அதைவிட அருமை!" என்றார் கணேசலிங்கம்.

"மழை வந்தா?"

அணிவகுப்பு சொல்லிக்கொடுக்கும் கமலினி முந்திக்கொண்டாள். "மழையில ட்ரம் அடிச்சா அது ஒரு தனி அழகு, அண்ணை."

ட்ரம்மின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே பிள்ளைகளைப் பிடித்து உலுக்குகிற கமலினியா இது? ஈஸ்வரமூர்த்தி அவளை உற்றுப் பார்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

சனிக்கிழமை அவர் காதும் காதும் வைத்தாற்போல ஒரு பள்ளிக்கூட மண்டபத்தைப் பார்க்கப் போனார். நடுவில் நின்று கையைத் தட்டினார். எதிரொலி வந்தது. ஆனால் ஒன்று முந்தி வந்தது, ஒன்று பிந்தி வந்தது. திரும்பத் தட்டினார். அப்போதும் அப்படியே. 'இந்த மண்டபத்துக்குத் தாளமே இல்லை' என்று முடிவு கட்டித் திரும்பினால், வாசலில் மெரூன் நிறத் தொப்பி போட்ட ஒரு ஆள் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணும் கண்ணும் சந்தித்ததும் அந்த ஆள் மளமளவென்று நடந்து மறைந்துவிட்டார்.

மறுவாரம் ஓவல் மைதானம். குஞ்சு பொரிக்கும் வசந்தகாலம் என்பதால் ஒரு மேக்பை பறவை மரத்திலிருந்து பாய்ந்து அவர் மண்டையில் கொத்தியது. தலையில் கைக்குட்டையோடு ஓடியபோது யூக்கலிப்டஸ் மரத்தடியில் அதே மெரூன் தொப்பி. மேக்பை அந்த ஆளை ஒன்றும் செய்யவில்லை. பறவையையும் கிரெய்கிபர்ன்காரர்கள் வளைத்துப் போட்டுவிட்டார்களோ என்று ஒரு கணம் நினைத்தார்.

சந்தேகமேயில்லை. மெல்பேர்ன் உளவாளி. ஆனால் அவர் போகும் இடம் அவனுக்கு எப்படித் தெரிகிறது?

அடுத்த சனிக்கிழமை காரை எடுத்தவர், மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டுத் திரும்பி வந்தார். உள்ளே மனைவி பத்மா ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"ஆமா, கிளம்பிட்டார். இப்பதான் கார் திரும்பிச்சு. வர்றதுக்கு எப்படியும் மத்தியானம் ஆயிடும். நீங்க தைரியமா ஆரம்பிங்க."

தாலி கட்டிய மனைவியே காட்டிக்கொடுக்கிறாள்.

"யாரு ஃபோன்ல?"

பத்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். "அது... பால்காரங்க!"

"குவேக்கர்ஸ் ஹில்ல ஏதுடி பால்காரன்?"

"அதான் ராங் நம்பர்னு வெச்சுட்டேன்."

அன்றிரவே திட்டம் தயாரானது. பத்மாவிடம் பரமட்டா பக்கம் ஒரு சர்ச் மண்டபம் என்றார். கணேசலிங்கத்திடம் பென்ரித் பக்கம் கூடைப்பந்து அரங்கம் என்றார். கமலினியிடம் ரிச்மண்ட் பக்கம் ஒரு புல்வெளி என்றார். தொப்பிக்காரன் எங்கே வருகிறானோ, அந்த இடத்தைச் சொல்லிவைத்த ஆள்தான் துரோகி.

தொப்பிக்காரர் மூன்று இடத்துக்கும் வந்தார்.

ஆக மூன்று பேருமே துரோகிகள். இதை எதிர்பார்க்காத ஈஸ்வரமூர்த்திக்கு, யாரிடம் போய் முறையிடுவது என்றே தெரியவில்லை. மகள் அக்ஷரா அணியில் சின்ன ட்ரம் வாசிப்பவள். அவளைக் கூப்பிட்டு, "அம்மா யார்கிட்ட பேசுறான்னு கொஞ்சம் கவனிச்சுச் சொல்றியா?" என்றார்.

"டாட், ஐம் நாட் கெட்டிங் இன்வால்வ்ட்" என்று சொல்லிவிட்டு அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மகளும் போச்சு!

அடுத்த சனிக்கிழமை அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. காரை எடுத்தால் பத்மா பார்ப்பாள் என்று பின்கதவு வழியாக நடந்தே போய் ரயில் ஏறினார். ஃபோனை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அதை அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டார். எந்த ஊர் என்று அவருக்கே தெரியாது. ஜன்னலுக்கு வெளியே கால்நடைக் கண்காட்சித் திடல் ஒன்று தெரிந்ததும் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நடந்தார். அங்கே மாடுகளைக் கட்டும் பெரிய கொட்டகை இருந்தது. மேலே கூரை உண்டு, சுற்றிலும் சுவர் கிடையாது. மண்டபமும் ஆச்சு, மைதானமும் ஆச்சு. ஈஸ்வரமூர்த்திக்குத் தன் மூளையை நினைத்துத் தனக்கே பெருமையாக இருந்தது.

உள்ளே வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து மெரூன் தொப்பிக்காரர் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஈஸ்வரமூர்த்தி வந்த வழியே ஓடினார். வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனில் மூச்சு வாங்க ஒரு டீ குடிக்க இறங்கியவருக்கு அங்கே அதைவிடப் பெரிய அதிர்ச்சி. அரிசி டின்னுக்குள் ஃபோன் அடிப்பதைக் கேட்டுப் பயந்துபோன பத்மா, ஆளைக் காணோம் என்று ஊரையே கூட்டிவிட்டாள். அவரை ஸ்டேஷன் ஸ்டேஷனாகத் தேடிக்கொண்டு வந்த முழு முரசணியும் அங்கே வாசலில் நின்றது. எல்லோரும் யூனிஃபார்மில். தோளில் ட்ரம். பெரிய ட்ரம் யாரோ ஒரு புது இளைஞனின் வயிற்றில் இருந்தது.

"சனிக்கிழமை பிராக்டிஸ் இல்லைன்னீங்களே சார்?" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

"இது பிராக்டிஸ் இல்லை, அண்ணை" என்றார் கணேசலிங்கம். அவர் நெற்றியெல்லாம் வியர்வை. "யூனிஃபார்ம் அளவு சரியோ எண்டு சும்மா போட்டுப் பாத்தனாங்கள்."

"ட்ரம்மையுமா போட்டுப் பார்ப்பீங்க?"

பத்மா அவசரமாக, "முதல்ல வீட்டுக்கு வாங்க, தலையில காயம் ஆறவே இல்ல" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

அன்று சாயங்காலம் அவர் அணியின் வாட்ஸாப் குழுவில் ஒரே ஒரு வரி போட்டார்: 'இடம் தேர்வுப் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். வரும் சனிக்கிழமை முதல் ட்ரம் அடிக்க வருகிறேன்.'

சிறிது நேரத்துக்கெல்லாம் வாசலில் வரிசையாகக் கார்கள் வந்து நின்றன. கணேசலிங்கம் கையில் லட்டுப் பெட்டி. கமலினி கையில் ஒரு தட்டு நிறைய வடை.

"அண்ணை, அப்பிடியெல்லாம் ஒண்டும் அவசரப்பட்டு முடிவெடுக்கக் கூடாது" என்றார் கணேசலிங்கம், லட்டுப் பெட்டியை நீட்டியபடி. "நீங்கள் விலகினா இந்தப் போட்டியே இல்லை."

"ஓம், உங்களைப் போல அலைஞ்சு திரிய வேற ஆராலும் ஏலாது" என்றாள் கமலினி.

"என்னங்க, இவ்வளவு பேர் கெஞ்சுறாங்களே" என்று பத்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தன்மேல் இவர்களுக்கு இவ்வளவு பாசமா, அல்லது இவ்வளவு பயமா என்று ஈஸ்வரமூர்த்திக்குப் புரியவில்லை. "சரி. ஆனா அடுத்த வருஷம் ட்ரம் எனக்குத்தான். எல்லார் முன்னாலயும் சொல்லுங்க" என்றார்.

கமலினிக்கு வடை தொண்டையில் சிக்கிக்கொண்டது. அவள் முதுகைத் தட்டும் அவசரத்தில் அந்தக் கேள்வி அப்படியே நின்றுபோனது. போகும்போது கணேசலிங்கம் 'இடத் தெரிவு இயக்குநர்' என்று புதுப் பட்டம் கொடுத்துவிட்டு, பிளாக்டவுன் பக்கம் ஒரு பெரிய உள்ளரங்கம் இருப்பதாகவும், மெதுவாக, ஆறுதலாக, சனிக்கிழமை முழுக்க இருந்து பார்த்துவிட்டு வரலாம் என்றும் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை ஈஸ்வரமூர்த்தி இடத்தைப் பார்க்கப் போகவில்லை. உளவாளியைப் பிடிக்கப் போனார். அரங்கத்தின் கவுண்டரில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம், ஒரு பேச்சுக்கு, ட்ரம் சாம்பியன்ஷிப்புக்கு அரங்கம் கிடைக்குமா என்று தேதியைச் சொல்லி விசாரித்தார்.

"ட்ரம் சாம்பியன்ஷிப்பா? அந்த நாளைக்குத்தான் உங்க ஆட்கள் போன வருஷமே புக் பண்ணிட்டாங்களே!" என்று அவள் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து மெரூன் தொப்பிக்காரர் உள்ளே நுழைந்தார். ஈஸ்வரமூர்த்தி பாய்ந்துபோய் அவர் சட்டையைப் பிடித்தார்.

"யோவ், யாருய்யா நீ? எதுக்கு நான் போற இடமெல்லாம் வர்ற?"

"ஐயோ, கையை எடுங்கோ. நான் சிறி. கிரெய்கிபர்ன் முரசணி. வென்ட்வேர்த்வில்லில தங்கச்சி வீட்ட நிண்டு இடம் பாக்கிறன். நான் போற இடமெல்லாம் நீங்கள்தானே ஐயா வாறீங்கள்!"

"இடம் பாக்குறீங்களா? இங்கதான் போன வருஷமே புக் பண்ணிட்டாங்களாமே!"

"ஓம், தெரியும். உங்கட கணேசலிங்கமும் எங்கட தலைவரும் சேர்ந்து எடுத்தது."

ஈஸ்வரமூர்த்தியின் பிடி தளர்ந்தது. "தெரிஞ்சுமா ஊரெல்லாம் சுத்துறீங்க?"

"வேற என்ன செய்யிறது? வீட்ட இருந்தா ட்ரம் ஞாபகம் வரும். எனக்கு இது மூண்டாவது வருசம். எந்த ஊரிலயும் ஒழுங்கு ஒண்டுதான் ஐயா. முதல் பள்ளிக்கூட ஹோல், பிறகு ஓவல், கடைசியா மாட்டுக் கொட்டில்."

சிறி ஒரு நாற்காலியை இழுத்து அவரை உட்கார வைத்தார். தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். ஈஸ்வரமூர்த்திக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. கணேசலிங்கம் எதற்காகத் தன்னை இப்படி அலைய விட வேண்டும்? மெல்பேர்ன்காரர்களிடம் என்ன வாங்கினார்?

"ஒண்டு கேக்கிறன், கோவிக்கக் கூடாது" என்றார் சிறி. "நீங்கள் முந்தி அணியில பெரிய ட்ரம்தானே அடிச்சனீங்கள்?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"திடீரெண்டு ஒரு நாள் வீட்ட வந்து, உங்களை மாதிரி நேர்மையான ஆள் இல்லை எண்டு கையைப் பிடிச்சவையோ?"

"ஆமா..."

"அடுத்த வருசம் ட்ரம்மைத் திருப்பித் தாறம் எண்டவையோ?"

ஈஸ்வரமூர்த்தி தலையை மட்டும் ஆட்டினார். சிறி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவர் தோளில் மெல்லத் தட்டினார்.

"எனக்கும் தாளம் வராது, ஐயா."