அக்கா, செடிக்கு ஒன்றும் ஆகவில்லை

அன்பும் பொறுமையும் ஒருங்கே கொண்ட அக்காவுக்கு, அவ்விரண்டையும் விடாமல் சோதித்துவரும் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். என் செடிகள் என்னைவிட நலம். என் கஷ்டமே அதுதான்.

அப்பாவின் இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு நீ ஒருத்தியே பார்த்துக்கொள்வதாகவும், அண்ணனுக்கு விடுமுறை கிடைக்கவில்லை என்றும், நானாவது ஒரு மாதம் வந்து இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். வர மனமில்லாமல் இல்லை. வர முடியாத காரணத்தை விளக்கினால் நீயே "வராதேடா" என்பாய்.

செடிக்கு வாய் கிடையாதே தவிர பேச்சு உண்டு. ஒரு செல் பக்கத்துச் செல்லுக்கு பெப்டைடு என்ற குட்டிப் புரதத் துண்டைத் தூது அனுப்பும். வேர் விடு, கிளை விடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தூது. நான் பிடித்துக்கொண்டது, "தண்டு நுனி பெருத்தது போதும், நிறுத்து" என்று சொல்லும் தூதை. அதைத் தயாரிக்கும் மரபணுக்கள் ஒரு குடும்பம், உடன்பிறந்தவை மூன்று. அதில் கடைக்குட்டிதான் மாடாக உழைக்கிறது, மூத்தவை இரண்டும் பெயருக்கு இருக்கின்றன என்று நானாகவே முடிவு கட்டினேன். நானும் கடைக்குட்டி என்பதால் வந்த பாசமாக இருக்கலாம். கடைக்குட்டியை நீக்கிவிட்டால் நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் நுனி காலிஃபிளவர் மாதிரி வீங்கும் என்று ஆய்வகத்தில் கூட்டம் போட்டு அறிவித்தேன், வீங்குவதற்கு இடம் வேண்டுமே என்று உயரமான கண்ணாடி மூடி வாங்கச் சொன்னேன், கேமராவை இரவல் வாங்கினேன், மாடியில் இருப்பவர்களையெல்லாம் பார்க்க அழைத்தேன். வந்தவர்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். கணக்குப் பிரிவு அம்மாள் மட்டும் வாய் திறந்து, "இதுல எதுங்க நோயாளி?" என்று கேட்டார். செடி அத்தனை லட்சணமாக நின்றது. யாரோ சீட்டை மாற்றி ஒட்டிவிட்டார்கள் என்று நான் சத்தம் போட்டேன்; சீட்டில் இருந்தது என் கையெழுத்து.

விட்டேனா, நடு மரபணுவையும் நீக்கினேன். செடி இன்னும் ஒரு இலை கூடுதலாக விட்டது. நாற்காலியை எடுத்துப் போட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு நாள் நுனி லேசாகச் சாய்ந்திருப்பதைக் கண்டு, மாற்றம் வந்துவிட்டது என்று ஆய்வகத் தலைவியின் அறைக்கு ஓடினேன். வந்து பார்த்த தலைவி, "வீக்கம் இருக்கான்னு தொட்டுத் தொட்டுப் பார்த்து நீங்கதான் வளைச்சிருக்கீங்க" என்றார். "மத்தபடி செடிக்கு ஒண்ணும் ஆகலையே மேடம்" என்று அழாத குறையாகச் சொன்னேன். அவர் திரையில் அளவுகளைக் காட்டினார். "ஒண்ணும் ஆகலைன்னுதான் நீங்க பார்க்கறீங்க. மூத்தது மூணு பேர் வேலையையும் ஒத்தையா செய்யுது, அதைப் பார்த்தீங்களா?" என்றார்.

பார்த்தேன். ஆக, இனி மூத்ததையும் நீக்கிப் பார்க்க வேண்டும். அதற்கு நான் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். என் செடிக்கு என்னைத் தவிர யாரும் தண்ணீர் ஊற்றத் தெரிந்தவர்கள் இல்லை. நீ இருக்கும்போது அப்பாவுக்கு என்ன குறை? போனில் கேட்டேனே, "எனக்கென்னடா, உங்க அக்கா பார்த்துக்கறா" என்று கணீரென்று சொன்னார். பின்னால் நீ இருமிக்கொண்டே இருந்தாய். தூசி என்றாய், வீட்டை ஒட்டடை அடித்து வை.

அப்பாவின் பாதங்களுக்கு என் வணக்கம். அத்தானுக்கு விசாரிப்பு. உடம்புக்கு ஒன்றும் வராமல் நீ நீடூழி வாழ வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

உன் தம்பி.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் பிழை பார்க்கலாமென்று ஒருமுறை படித்தேன். மூத்ததைப் பற்றித் தலைவி சொன்ன வரிக்கு வந்ததும், அதற்குமேல் படிக்க முடியவில்லை. அப்பா நன்றாக இருக்கிறார் என்று இத்தனை நாளும் நான் பார்த்ததும் இப்படித்தான், அக்கா. வெட்கமாக இருக்கிறது. நேரே போய் லீவு கேட்டேன். செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று நானே கவலைப்பட்டதற்கு, "நீங்க வர்றதுக்கு முன்னாடியே தினமும் நான் ஊத்திடறேன். நீங்க மேல ஊத்தறதை அப்புறமா வடிச்சு விடறோம்" என்றார் தலைவி. இந்த ஆய்வகக் குடும்பத்தில் நான் எந்த மரபணு என்பது விளங்கிவிட்டது. மூத்ததை நீக்கும் எண்ணத்தையும் கைவிட்டேன்.

ஆகவே இதைத் தபாலில் போடவில்லை. நானே கொண்டுவந்து உன் கையில் கொடுக்கிறேன். படுத்துக்கொண்டே படி, திட்டுவதை எழுந்தபின் திட்டு. நீ இந்த வரிக்கு வரும்போது அடுக்களையிலிருந்து ஏதாவது கருகும் வாசனை வந்தால், தயவுசெய்து எழுந்து வராதே.