ஒரு எழுத்துக்கு ஒரு வால்

தனியாக இருப்பவன் ஒரு கோப்பைத் தேநீருக்காக எந்தக் கலையையும் படிக்கத் துணிவான். நான் சீன எழுத்துக்கலை படித்தது அப்படித்தான்.

மனைவியும் மகளும் விசாவுக்காக யாழ்ப்பாணத்தில் காத்திருக்க, நான் கடல் கடந்து ஸ்பிரிங்வேலில் ஓர் அறையில் இருந்தேன். சனிக்கிழமைகளில் கதைக்க ஒரு ஆள் இல்லை. (ஃபிரிட்ஜ் மட்டும் இடைக்கிடை முனகும். நானும் "ஓம், ஓம்" என்பேன்.) பக்கத்து மண்டபத்தில் நடந்த எழுத்துக்கலை வகுப்பில் என் பெயரைக் கேட்டு, முடிந்ததும் எல்லோரும் தேநீர் குடிக்கும் மேசைக்கு வரச் சொன்னார்கள். அதற்காகவே சேர்ந்துவிட்டேன்.

ஆசிரியை திருமதி லின். பழைய முத்திரை எழுத்தில் கோடெல்லாம் ஒரே தடிப்பில் வளைந்து போகும் என்றார். பிறகு குமாஸ்தாக்கள் அவசரமாக எழுத எழுத, தூரிகை அழுந்தி எழும்பி, கோட்டின் முடிவு காட்டு வாத்தின் வால் மாதிரி விரிந்ததாம். "ஒரு எழுத்துக்கு ஒரு வால்தான்" என்பது அவர் சட்டம்.

ஆண்டிறுதிக் கண்காட்சிக்கு ஆளுக்கொரு நல்ல தாள். எனக்கு 'வீடு' என்ற எழுத்து. தூரிகையை மையில் தோய்த்ததுதான் தெரியும், கை தன்பாட்டில் தாளின் உச்சியில் பெரிய பிள்ளையார் சுழி போட்டுவிட்டது! (விசா விண்ணப்பத்துக்கே சுழி போட்ட கை.) பதற்றத்தில் அதற்கும் ஒரு வால் இழுத்துவிட்டு, கீழே 'வீடு' எழுதினேன்.

கண்காட்சியன்று என் தாளின் முன் இரண்டு முதியவர்களுக்குள் வாக்குவாதம். உச்சியில் இருப்பதன் உடம்பு வளைவாயிருப்பதால் அது முத்திரை எழுத்து என்றார் திரு. வூ. வால் இருக்கிறதே என்றார் மற்றவர்.

"இரண்டுக்கும் நடுவில் வந்த வடிவமா?" என்று திருமதி லின் என்னைக் கேட்டார்.

உண்மையைச் சொன்னால் அந்தத் தேநீர் மேசையில் எனக்குக் கதிரை இருக்காது என்று பயந்தேன்.

"மிகப் பழையது," என்றேன், பெரிய ஆராய்ச்சியாளன் மாதிரி.

"அப்படியா! எல்லோருக்கும் எழுதிக் காட்டுங்கள்."

தூரிகையை எடுத்தேன். சுழி நத்தை மாதிரிச் சுருண்டு, மை மேசையில் கொட்டியது. "மன்னிச்சுக் கொள்ளுங்கோ, இது எங்கட பிள்ளையார்," என்று தமிழில் உளறி, பிறகு ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

திருமதி லின் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என் தாளைப் பார்த்தார்.

"உங்கள் கடவுளின் வால் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் வீட்டுக்கு ஏன் மூன்று வால்?"

மண்டபமே சிரித்தது. திரு. வூ ஒரு கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

அன்று மனைவிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். போனை வைத்த பிறகு அறை முன்னையைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

இப்போது மனைவியும் மகளும் இங்கேதான். நான் கதையைக் கொஞ்சம் நீட்டினால் போதும்.

"இஞ்சருங்கோ, ஒரு வால் காணும்," என்பாள் மனைவி.

"அப்பா, ஒன் டெயில் ஒன்லி!" என்பாள் மகள்.

இரண்டு வருசம் கதைக்க ஆளில்லாமல் சேர்த்து வைத்த வால்கள் அவை. அதைச் சொன்னால் அதுவும் இன்னொரு வாலாகிவிடும் என்று பேசாமல் இருந்துவிடுகிறேன்.