ஆறாம் நம்பர் மேசை

ஒரு காட்டில், ஓடைக்கரையோரமாக, கோதண்டம் என்கிற முள்ளம்பன்றியும் அதன் மனைவி தையல்நாயகியும் ஒரு வளையில் குடியிருந்தன. மழை பெய்தால் வளைக்குள் தவளைகள் குடும்பத்தோடு வந்து தங்கிவிடும். அந்த வருஷம் தையல்நாயகி மாசமாக இருந்தது. மேட்டில் புது வளை தோண்டித் தர பெருச்சாளி மேஸ்திரி நூறு பலாக்கொட்டை கேட்டது. வீட்டில் இருந்தது அறுபது. மழைக்கு இன்னும் பத்தே நாள்.

அந்தக் காட்டில் நல்லசிவம் என்கிற நரி ஒரு கேசினோ நடத்தி வந்தது. உள்ளே ஆறு மேசை, ஆறிலும் பிளாக்ஜாக். சீட்டுகளின் கூட்டுத்தொகை இருபத்தொன்றை நெருங்க வேண்டும், தாண்டினால் போச்சு. காலையில் மூட்டையோடு உள்ளே போகிற மிருகங்கள் சாயங்காலம் அதே மூட்டையைத் துண்டு மாதிரி தோளில் போட்டுக்கொண்டு வெளியே வரும்.

“அதுங்கல்லாம் மேசை பார்த்து உட்காரத் தெரியாததுங்க,” என்றது கோதண்டம். இந்த விஷயத்தை அது ஆறு மாதமாகப் படித்து வந்தது. கேசினோவுக்குள் கால் வைத்ததில்லை. வாசலில் நின்று, தோற்று வருகிறவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி விசாரித்ததுதான் படிப்பு. “ஆட்டத்துல ஒண்ணுமில்ல, தையல். எல்லாம் மேசையிலதான் இருக்கு. நாப்பது கொட்டை ஜெயிச்சதும் எழுந்து வந்துடுவேன்.”

தையல்நாயகி உள்ளே போய்க் கொட்டைகளை எண்ணியது. பிறகு மூட்டையைக் கொண்டுவந்து கொடுத்தது.

“அம்பதுதான் இருக்கு. பத்தை எடுத்து வெச்சுட்டேன்.”

“எதுக்கு?”

“நீங்க தோத்துட்டு வந்தா சாப்பிட.”

மறுநாள் காலையிலேயே கோதண்டம் போய்ச் சேர்ந்தது. வாசலில் காட்டுப்பன்றி ஒன்று மூன்று பக்கப் படிவத்தை நீட்டியது. ‘கூர்மையான பொருட்கள் ஏதேனும் வைத்திருக்கிறீர்களா?’ என்ற கேள்விக்கு, கோதண்டம் நெடுநேரம் யோசித்து, ‘பிறவியிலிருந்தே’ என்று எழுதியது. படிவத்தைப் பார்க்காமலே சீல் குத்தி உள்ளே விட்டார்கள்.

கோதண்டம் உடனே உட்கார்ந்துவிடவில்லை. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு மேசை மேசையாகச் சுற்றியது. முதல் மேசையில் எட்டுக் கட்டுச் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து போட்டார்கள். எது வரும் எது போகும் என்று பிரம்மாவுக்கே தெரியாது. இரண்டாவதில், முதல் இரண்டு சீட்டிலேயே இருபத்தொன்று விழுந்தால் ஐந்துக்கு ஆறுதான் தருவார்கள். இரண்டுக்கு மூன்று தருவதே முறை என்று கோதண்டம் படித்திருந்தது. மூன்றாவதில் சீட்டுப் போடுகிற குரங்கு, பதினேழு வந்த பிறகும் நிற்காமல் இன்னொன்று இழுத்துக்கொண்டது; அது ஆடுகிறவர்களுக்கு நஷ்டம். நான்காவதில் ஒரு ஆட்டத்துக்குக் குறைந்தது இருபது கொட்டை கட்ட வேண்டும். ஐந்தாவது மேசையில் எல்லாமே ஒழுங்காக இருந்தது. ஆனால் பக்கத்து நாற்காலியில் ஒரு மலைப்பாம்பு தோற்றுக்கொண்டிருந்தது. அதன் முகத்தைப் பார்த்தால் தோற்கத் தோற்கப் பசிக்கும் போலிருந்தது.

ஆறாவது மேசை மூலையில் இருந்தது. கோதண்டம் அறிவிப்புப் பலகையைப் படித்தது. ஒரே கட்டுச் சீட்டு. இரண்டுக்கு மூன்று. பதினேழில் நிற்கப்படும். குறைந்தது ஒரு கொட்டை. கோதண்டத்துக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது. பலகையை இன்னொரு தடவை படித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது.

அதற்குப் பிறகுதான் எதிரே பார்த்தது. சீட்டுப் போட வேண்டிய ஆந்தை விசாலாட்சி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது. பகல் நேரமல்லவா.

“விசாலாட்சிம்மா,” என்று மெல்லக் கூப்பிட்டது கோதண்டம். ஒரு இமை பாதி திறந்து மறுபடி மூடிக்கொண்டது. ‘இதோ எழுந்துவிடும்’ என்று கோதண்டம் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தது.

அந்தப் பக்கமாக வந்த கரடி பரமானந்தம் நின்றது. அதன் கையில் ஒரு குடம் நிறையத் தேன்.

“என்ன அண்ணே, ஆட்டமே நடக்கலையே. இங்க ஏன் உட்கார்ந்திருக்கீங்க?”

கோதண்டம் விளக்கியது. ஆறு மாதப் படிப்பாயிற்றே, ஒன்று விடாமல் விளக்கியது. கேட்கக் கேட்கக் கரடியின் வாய் திறந்துகொண்டே போனது. அது கோதண்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. கரடியைப் பார்த்து ஒரு மான் வந்தது. மானைப் பார்த்து இரண்டு முயல்கள் வந்தன. பத்து மணிக்குள் மற்ற ஐந்து மேசைகளும் காலியாகி, ஆறாம் மேசைக்கு வந்த வரிசை வாசலைத் தாண்டிப் போய்விட்டது.

நரி நல்லசிவம் கொதித்துப் போய் வந்தது. “என்ன இது, எவனும் விளையாட மாட்டேங்கறான்?”

“நீங்க இந்தம்மாவை எழுப்பிவிட்டா விளையாடுவோம்,” என்றது கோதண்டம்.

“அது அப்பா செத்துப்போய், கருணை அடிப்படையில வேலைக்கு வந்த பொண்ணு. எழுப்பினா சங்கம் கொடி பிடிக்கும்.”

சொல்லிவிட்டு நரி வரிசையைப் பார்த்தது. தலையிலிருந்து வால்வரைக்கும் நிதானமாகப் பார்த்தது. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. உள்ளே போய் ஒரு அட்டையில் எழுதிக்கொண்டு வந்து மாட்டியது: ‘காத்திருப்புக் கட்டணம், மணிக்கு ஆறு கொட்டை. தேனாக இருந்தால் ஒரு செம்பு.’

யாரும் முணுமுணுக்கவில்லை. நல்ல மேசைக்குக் கட்டணம் இருக்கத்தானே செய்யும் என்று மான் முயல்களுக்கு எடுத்துச் சொன்னது.

கோதண்டமும் கொடுத்தது. பதினோரு மணிக்குக் கொடுத்தது, பன்னிரண்டுக்குக் கொடுத்தது. எழுந்து போய்விடலாமா என்று ஒரு தடவை தோன்றியது. எழுந்தால் கரடி உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த அடுத்த நிமிஷமே ஆந்தை விழித்துக்கொண்டால்? இரண்டு மணிக்கு ஆந்தை கொட்டாவி விட்டது. வரிசை முழுக்க மூச்சைப் பிடித்தது. ஆந்தை கழுத்தை மறுபக்கம் திருப்பி வைத்துத் தூங்கியது. நான்கு மணிக்குக் கோதண்டம் மூட்டைக்குள் கைவிட்டபோது விரல் துணியில் தட்டியது. தையல்நாயகியின் முகத்தை நினைக்காமலிருக்க அது மீண்டும் பலகையைப் படித்தது.

ஆறு மணிக்கு மணி அடித்து கேசினோவை மூடினார்கள். விசாலாட்சி பளிச்சென்று கண் திறந்தது.

“யாராவது விளையாட வந்தீங்களா?”

கோதண்டத்தின் மூட்டையில் இரண்டு கொட்டைகள் இருந்தன. கரடியின் குடம் கவிழ்த்தாலும் சொட்டவில்லை. ஆனால் கரடி சிரித்துக்கொண்டு வந்து கோதண்டத்தின் கையைப் பிடித்துக்கொண்டது.

“இன்னைக்கு ஒரு ஆட்டம்கூடத் தோக்கலை அண்ணே! எல்லாம் உங்க புண்ணியம். நாளைக்கு விடியக்காலமே வந்துடறேன்.”

கோதண்டத்தின் முட்கள் அத்தனையும் படிந்துவிட்டன. கரடி காலிக் குடத்தோடு விசிலடித்துக்கொண்டு போவதை அது பார்த்துக்கொண்டு நின்றது. அப்போது நரி அதை அறைக்குக் கூப்பிட்டது.

“அஞ்சு வருஷமா கடை நடத்தறேன். இன்னைக்கு மாதிரி வரும்படி பார்த்ததில்ல. சீட்டுகூடக் கசங்கலை. நீங்க தினம் வந்து, இதே மாதிரி எல்லாருக்கும் விளக்கணும். முன்பணம் நூறு கொட்டை.”

“ஆனா, யாருக்கும் ஒரு சீட்டுகூட வரலையே,” என்றது கோதண்டம்.

“நீங்க ஏதாவது பொய் சொன்னீங்களா?”

“இல்ல.”

“அது நல்ல மேசைதானே?”

“காட்டுலயே நல்ல மேசை.”

“அப்புறம் என்ன?”

கோதண்டம் மூட்டையிலிருந்த இரண்டு கொட்டைகளை எடுத்து எண்ணிப் பார்த்தது. பிறகு மூட்டையை விரித்துப் பிடித்தது.

வீட்டில் தையல்நாயகி வாசலிலேயே நின்றிருந்தது. “ஜெயிச்சீங்களா, தோத்தீங்களா?”

“விளையாடவே இல்ல, தையல். வேலை கிடைச்சிருக்கு.”

தையல்நாயகிக்குக் கண் கலங்கிவிட்டது. புருஷன் சூதாட்டத்தை விட்டுவிட்டு உழைத்துப் பிழைக்கத் தொடங்கியதை அது அன்றைக்கே ஓடைக்கரை முழுக்கச் சொல்லி முடித்தது. மேட்டில் வளை தோண்டியானது. பதினோராம் நாள் கொட்டிய மழையில் இரண்டு குட்டிகள் நனையாமல் பிறந்தன. கரடி பரமானந்தம் கேசினோ வாசலில், மழையில் நனைந்தபடி, வரிசையில் முதல் ஆளாக நின்றது. அதற்கு வாழ்நாளில் கிடைத்த முதல் முதலிடம் அதுதான் என்பதால் வீட்டுக்குப் போக மனம் வரவில்லை.

நீதி: சூதாட்டத்தில் தோற்காத இடம் ஒன்று நிச்சயம் உண்டு. அது நாற்காலியில் இல்லை. நல்ல நாற்காலி எது என்று அடுத்தவருக்குக் காட்டிக்கொண்டு நிற்கிறவரின் காலடியில் இருக்கிறது.